பனியில் இறைத்த உப்பும் ஒரே பெஞ்சு ரஞ்சிதமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வகுப்புக்கு மூன்று பேர்தான் வந்தார்கள். அதிலும் ஒருத்தி, குழந்தைக்குப் பால் கொடுக்க நிழல் தேடி உள்ளே நுழைந்தவள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் ஞாயிறு வகுப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் பெண்களுக்கு, ஞாயிறு மத்தியானம், சங்கத்து அறையில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். ரயில் பாதையில் கட்டை மாற்றும் கூலி ஒருவரின் மகள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடப் படி ஏறியவள். கான்வென்டில் படித்தேன், பரீட்சையில் தேறினேன், இன்று சம்பளம் வாங்கும் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சம்பளமில்லாத டீச்சர்.

இதில் எனக்குக் கர்வம் உண்டா? உண்டு. மறைப்பானேன்?

அந்த அறை எனக்குச் சும்மா கிடைத்ததல்ல. சங்கத்து செக்ரட்டரியிடம் நடையாய் நடந்து வாங்கினேன். அதற்கும் ஒரு நிபந்தனை. அன்று காலியான பாய்களைப் பார்த்துவிட்டு அவர் அதை ஞாபகப்படுத்தினார்.

“பொம்பளைங்க வந்தா ரூம் உங்களுக்கும்மா. வரலேன்னா பையன்க கேரம் போர்டு போடணும்னு கேக்குறாங்க. சும்மா பூட்டி வைக்க முடியுமா, சொல்லுங்க?”

கேரம் போர்டு! ‘அ’ எழுத வந்த கைகள் இருந்த இடத்தில் கேரம் காய்களா? என் மாணவிகள் எங்கே போய்த் தொலைந்தார்கள்?

தேடவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு வரிசை தள்ளி ஒரு வீட்டு முன்னால் அத்தனை செருப்பும் கிடந்தது. ரஞ்சிதத்தின் வீடு.

ரஞ்சிதத்தை உங்களுக்குத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும். கான்வென்டில் அவளும் நானும் ஒரே பெஞ்சு. வகுப்பில் நான் முதல், அவள் இரண்டாவது. எந்த வருஷமும் இது மாறியதில்லை. படிப்பு முடிந்த சமயம், ஒரு எஞ்சினியர் துரைசானி கான்வென்டுக்கு வந்தாள். லீவில் ஸ்காட்லாந்துக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இங்கிலீஷ் பேசத் தெரிந்த பெண் வேண்டும் என்றாள். சிஸ்டர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்.

“பிள்ளை தூக்கவா நான் படித்தேன்?” என்று கேட்டுவிட்டு நிமிர்ந்து நடந்து வந்துவிட்டேன். அந்த நடையை நினைத்து நான் பல நாள் மகிழ்ந்ததுண்டு.

அடுத்துக் கூப்பிட்டது ரஞ்சிதத்தை. அவள் யோசிக்கவே இல்லையாம். “எப்ப கப்பல், சிஸ்டர்?” என்றுதான் கேட்டாளாம்.

இப்போது திரும்பி வந்திருக்கிறாள். ஒரு முழுக் குளிர்காலத்தைப் பார்த்துவிட்டு!

நம்முடைய பொறாமையைக் கவனித்திருக்கிறீர்களா? மோட்டார் காரில் போகும் துரைசானியைப் பார்த்து எனக்கு ஒரு நாளும் வயிறு எரிந்ததில்லை. அவள் வேறு உலகம். கோலாலம்பூர் முழுக்க எத்தனையோ பங்களாக்கள். பார்ப்பேன், போய்க்கொண்டே இருப்பேன். ஆனால் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், நம்மிடம் பென்சில் இரவல் வாங்கியவள், அவள் ஒரு படி ஏறட்டும்... தூக்கம் போய்விடுகிறது. பொறாமைக்குத் தூரப் பார்வை கிடையாது. பக்கத்து இடம் மட்டும்தான் அதற்குத் தெரியும்.

எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது என்றுதான் போனேன். ரஞ்சிதம் அந்த வெயிலில் கம்பளிக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றாள். நெற்றியிலிருந்து வியர்வை கொட்டுகிறது. என் மாணவிகள் சுற்றி உட்கார்ந்து கோட்டின் கையைத் தடவித் தடவிப் பார்க்கிறார்கள்.

“ஏண்டி நாகு, இப்பதான் வழி தெரிஞ்சுதா? வா, உக்காரு. பனி எப்படி விழும்னு சொல்லிட்டிருக்கேன்.”

பனி எப்படி விழும் என்று எனக்கா தெரியாது? பூகோளப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதற்கு முழு மார்க். ஆனால் என்னிடம் யாரும் கோட்டைத் தடவிப் பார்க்கவில்லை.

“நம்ம மார்கழிப் பனி இல்லக்கா,” என்று அவள் தொடர்ந்தாள். “பஞ்சு பிச்சுப் போட்ட மாதிரி மேலேந்து சத்தமே இல்லாம விழும். ராத்திரி விழுந்தது காலையில கண்ணாடியா ஆயிடும். கடைத்தெருவுல நாம நடக்கற அஞ்சடி இருக்குல்ல, அந்த மாதிரி ரோட்டோரம் நடக்க ஒரு பாதை. அது முழுக்க ஒரே ஆயர் பத்து, ஐஸு! காலை வெச்சா சறுக்கும். சமையக்காரி விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டா.”

“அடி ஆத்தே! அப்பறம் எப்படி நடக்கறது?” இது பொன்னம்மாக்கா. கிள்ளானிலிருந்து காலை ரயிலில் மீன் பெட்டி கொண்டுவந்து விற்பவரின் மனைவி. என் வகுப்பின் மூத்த மாணவி. கேள்வி கேட்பதில் முதல், எழுதுவதில் கடைசி.

“உப்பு! காலையில எழுந்ததும் வாளியில கல்லுப்பை எடுத்துக்கிட்டுப் போய் வாசப்படியிலயும் பாதையிலயும் வாரி இறைக்கணும். எங்க வீட்டுக்கு அது என் வேலை. கொஞ்ச நேரத்துல ஐஸெல்லாம் உருகி ஓடிடும்.”



“வாசல்ல உப்பு இறைக்கறதா?” பொன்னம்மாக்கா மோவாயில் கை வைத்துக்கொண்டார். “கண்ணு பட்டாதானே நாம உப்பைச் சுத்திப் போடுவோம்? அந்த ஊருல வீட்டுக்கு வீடு கண்ணு பட்டிருக்கா?”

கூட்டம் சிரித்தது. ரஞ்சிதமும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அவளை மடக்க எனக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது.

“ரஞ்சிதம்,” என்றேன், என் வகுப்பறைக் குரலில். “கான்வென்டில் திருநாளைக்கு ஐஸ்கிரீம் செய்வோமே, நினைவிருக்கா?”

“ஏன் இல்லாம? மர வாளி. நீயும் நானும் மாத்தி மாத்திக் கைப்பிடி சுத்துவோம்.”

“வாளியில் ஐஸோடு என்ன போடுவோம்?”

“உப்...” அவள் நிறுத்திக்கொண்டாள்.

“உப்பு. எதற்கு? பால் உறைவதற்கு. உப்பு போட்டால்தான் உறையும். பொன்னம்மாக்கா, உங்க வீட்டுக்காரர் மீன் பெட்டியில் ஐஸோடு என்ன போடுகிறார்?”

“உப்புதான். குளிர்ச்சி ஏறும்னு சொல்வாரு.”

“ஏறும்! உப்பு போட்டால் குளிர்ச்சி ஏறும். இங்கே உறைய வைக்கிற உப்பு, அந்த ஊருக்குப் போனதும் உருக வைக்குமா? கப்பலில் போனால் உப்புக்குப் புத்தி மாறிவிடுமா?”

ரஞ்சிதம் கோட்டுப் பொத்தானைத் திருகினாள். கோட்டுக்கு மேலே அவள் முகம் சிவந்தது. “நான் கண்ணால பாத்தேண்டி...” என்றாள்.

“பாத்தியோ, கனாக் கண்டியோ!” என்றது ஒரு குரல். இந்த முறை எழுந்த சிரிப்பு வேறு மாதிரி. நான் எழுந்து, “வகுப்புக்கு நேரமாச்சு” என்றேன். பாதிக் கூட்டம் என் பின்னாலேயே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுச் சோறு எனக்கு எவ்வளவு ருசித்தது தெரியுமா!

அந்த ருசி நாலைந்து நாள் நின்றது. அதற்குள் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ரஞ்சிதத்துக்கு ‘உப்பு மூட்டை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் தண்ணீர்க் குழாய்க்கு வரும்போதெல்லாம் கத்துவார்கள். நான் தடுத்தேனா? ‘சத்தம் போடாதீங்க’ என்று ஒரு தடவை சொன்னேன். மெதுவாகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு. சங்கத்து அறையில் பாயெல்லாம் நிறைந்திருந்தது. நான் சாக்கட்டியைக் கையில் எடுத்ததுதான் தாமதம், வாசலில் ரிக்ஷா ஒன்று வந்து நின்றது. ரஞ்சிதம் இறங்கினாள். கோட்டு இல்லை, சாதாரணச் சேலை. ரிக்ஷாக்காரர் கோணிச் சாக்கில் சுற்றிய ஒரு மூட்டையை இறக்கினார். மரத்தூளும் தண்ணீருமாகச் சொட்டியது. ஒரு முழு ஐஸ் பாளம்!

“நாகு டீச்சர்!” என்று கூப்பிட்டாள். டீச்சர் என்பதில் ஓர் அழுத்தம். “எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வா. பொய் சொன்னது யாருன்னு பாத்துடலாம்.”

நான் பின்வாங்குவேனா? “தாராளமாய்!” என்றேன். “என் பங்குக்கு நானும் ஒன்று செய்து காட்டுகிறேன்.”

செக்ரட்டரி உட்பட எல்லாரும் தாழ்வாரத்தில் கூடினார்கள். முதலில் ரஞ்சிதம் ஐஸை வெயிலில் வைத்தாள். உப்பு போட்டதும் உருகியது, போடாததும் உருகியது!

“இது நம்ம ஊரு வெயிலு லா,” என்றார் செக்ரட்டரி. “இதுல எரும மாடே உருகும். நிழல்ல வைங்கம்மா.”

மறுபடி ஆரம்பம். தாழ்வாரத்து நிழலில் இரண்டு மங்குத் தட்டு. பொன்னம்மாக்கா அம்மிக் குழவியால் பாளத்தை உடைத்து, இரண்டு தட்டிலும் ஒரே அளவாகத் துண்டு வைத்தார். ஒன்றின்மேல் ரஞ்சிதம் ஒரு பிடி கல்லுப்பைத் தூவினாள். நான் ஒரு வாளியில் நொறுக்கிய ஐஸும் உப்பும் கொட்டி, நடுவில் ஒரு பித்தளைச் செம்பை வைத்தேன். அதில் தேங்காய்ப்பாலும் ஜீனியும். உட்கார்ந்து செம்பைச் சுற்ற ஆரம்பித்தேன்.

தட்டில் உப்புப் பட்ட துண்டு சடசடவென்று வெடித்தது. முகத்தில் அம்மை விழுந்த மாதிரி குழி குழியாக விழுந்தது. நான் சுற்றிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். பக்கத்துத் தட்டிலிருந்த துண்டு கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இதுவோ இளைத்து, மெலிந்து, தண்ணீரில் மிதந்து... போயே போய்விட்டது.

“உருகிடுச்சு!” பொன்னம்மாக்கா கத்தினார். “புள்ள சொன்னது நெசந்தான்!”

கூட்டம் ரஞ்சிதத்தைச் சூழ்ந்துகொண்டது. ‘கனாக் கண்டியோ’ என்று கேட்ட அதே குரல் இப்போது “எனக்கு அப்பவே தெரியும்” என்றது.

என் கை செம்பை விடவில்லை. விட்டால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். சுற்றினேன், சுற்றினேன். செம்பின் வெளிப்புறம் வெள்ளையாய்ப் பூத்துவிட்டது. விரல் மரத்துப் போயிற்று. மூடியைத் திறந்தால் தேங்காய்ப்பால் ஓரமெல்லாம் களிபோல் உறைந்திருந்தது.

“இங்கேயும் பாருங்கள்,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

பொன்னம்மாக்கா ஒரு விரலால் வழித்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். “உறைஞ்சிருக்கே! டீச்சர் சொன்னதும் நெசமா?”

ஆளுக்கொரு விரல். செம்பு காலி.

அப்போதுதான் செக்ரட்டரி அந்த வார்த்தையைச் சொன்னார். கூட்டத்தைக் கண்ணால் அளந்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னார். “பேசாம இந்தம்மாவையே கிளாஸ் எடுக்கச் சொன்னா என்ன? எவ்வளவு ஜனம் வருது பாருங்க!”

இந்தம்மா என்றது ரஞ்சிதத்தை. நான் அவளைப் பார்த்தேன். அவள் புன்னகை செய்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கான்வென்டில் இரண்டாவதாக வந்து வந்து, ஒரு நாளாவது முதலாவதாக வந்துவிட்ட புன்னகை அது. எனக்குத் தெரியாதா? அந்த இடத்தில் நானாக இருந்தால் அதைவிடப் பெரிதாகச் சிரித்திருப்பேன்.

என் அறை. நான் நடந்து நடந்து வாங்கிய அறை. கேரம் போர்டுக்குப் போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது!

“அது கெடக்கட்டும்,” என்றார் பொன்னம்மாக்கா, விரலைச் சப்பிக்கொண்டே. “ஒரே உப்பு, ஒரே ஐஸு. தட்டுல உருக்குது, செம்புல உறைய வைக்குது. அது எப்படி? ரஞ்சிதம், நீ சொல்லு.”

ரஞ்சிதம் தோளைக் குலுக்கினாள். “எனக்கென்னக்கா தெரியும்? அங்க போடச் சொன்னாங்க, போட்டேன். உருகிச்சு. ஏன்னு நான் கேட்டதில்ல.”

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

எனக்குத் தெரியவில்லை. முழு மார்க் வாங்கியவளுக்குத் தெரியவில்லை. நூறு பொய் சொல்லியிருக்கலாம், அந்தக் கூட்டம் நம்பியிருக்கும். ஆனால் ரஞ்சிதம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் இன்னொரு தடவை மாட்டிக்கொள்ள நான் தயாராயில்லை.

“தெரியாது,” என்றேன். அந்த நாலெழுத்து தொண்டையில் மீன்முள் மாதிரி நின்று இறங்கியது. “கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறேன். அடுத்த ஞாயிறு வாருங்கள், சொல்கிறேன்.”

“வராம பின்ன?” என்றார் பொன்னம்மாக்கா. “எனக்கு இது தெரியாம சோறு எறங்காது.”

பிறகு மிச்சமிருந்த உப்பில் ஒரு பிடி அள்ளினார். “இந்தப் புள்ளமேல ஊரு கண்ணெல்லாம் விழுந்திருக்கு. சுத்திப் போடணும்.” சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்த உப்பை என் கையில் வைத்து அழுத்தினார். “நீயே போடு டீச்சர். அதுதான் சரி.”

எழுதப் படிக்கத் தெரியாத கண்ணுக்கு என்னவெல்லாம் படிக்கத் தெரிகிறது! ரஞ்சிதத்தை மூன்று சுற்றுச் சுற்றிப் போட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். நானும்தான்.

அந்த வாரமே கான்வென்டுக்குப் போய், எங்களுக்கு ஸயன்ஸ் எடுத்த சிஸ்டரைப் பிடித்தேன். இங்கிலீஷில் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் அதைத் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிறு வந்தது. அறையில் உட்கார இடமில்லை. ஜன்னலுக்கு வெளியேயும் தலைகள். வரிசையில் முன்னால், சப்பணமிட்டு, ரஞ்சிதம்!

நான் ஆரம்பித்தேன். உஷ்ணம் என்றால் என்ன, திரவம் என்றால் என்ன, உறைநிலை என்றால் என்ன... கரும்பலகையில் படம் போட்டேன். அம்புக்குறி போட்டேன். அரை மணி நேரம் பேசினேன். திரும்பிப் பார்த்தால் பொன்னம்மாக்கா கொட்டாவி விடுகிறார்.

“புரியுதாக்கா?”

“புரியுது, புரியுது. நீ சொல்லு,” என்றார், இன்னொரு கொட்டாவியோடு.

ரஞ்சிதம் கையைத் தூக்கினாள். “ஒண்ணு கேக்கட்டா நாகு? ஐஸு உருகணும்னா அதுக்குச் சூடு வேணும், அப்படித்தானே? உப்பு அதை அவசரப்படுத்தி உருக வைக்குது. சூட்டுக்கு எங்க போகும்? பக்கத்துல இருக்கறவன்கிட்டேந்து பிடுங்குது. செம்புக்குள்ள பால் இருந்திச்சு, அதுகிட்டப் பிடுங்கிச்சு, பால் உறைஞ்சுபோச்சு. ரோட்டுல பிடுங்கறதுக்கு ரோடுதான் இருக்கு. ரோடு உறைஞ்சா யாருக்கு என்ன? அவ்வளவுதானே?”

“அட, அவ்வளவுதானா!” என்றது அறை முழுவதும். பொன்னம்மாக்காவின் கொட்டாவி பாதியில் நின்றது. “இதைச் சொல்லவா டீச்சர் இத்தனை அம்பு விட்டே?”

அவ்வளவுதான். நான் அரை மணியாய்ச் சொன்னதும் அதுதான்! ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. என் வாயிலிருந்து வந்தபோது கொட்டாவி. அவள் வாயிலிருந்து வந்தபோது ‘அட!’

எனக்கு எப்படியிருந்திருக்கும்? பொறாமை பற்றி அன்று ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். நாம் தோற்கும்போது வருவது சின்னப் பொறாமை. நாம் ஜெயித்த இடத்தில், நம் அறையில், நம் கரும்பலகைக்கு முன்னால், நம்மைவிட நன்றாக ஒருத்தி சொல்லும்போது வருகிறதே... அதுதான் அசல்.

ஆனால் செக்ரட்டரி கதவருகே நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அன்று கேரம் போர்டைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. வகுப்பு முடியும்போது பொன்னம்மாக்கா சாக்கட்டியைப் பிடுங்கி, என் படத்தடியில் எழுதியிருந்ததைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பலகையில் ‘உப்பு’ என்று எழுதினார். இத்தனை மாதம் நான் கெஞ்சியும் ‘அ’வைத் தாண்டாதவர்! “இதைத் தெரிஞ்சு வெச்சுக்கணும்னு தோணிச்சு” என்றார். “பனின்னு எப்படி எழுதறது? அதையும் காட்டு.”

நான் என்ன செய்வேன்? பெண்கள் எழுத வேண்டும். அவர்களுக்குப் பனி வேண்டும். பனி ரஞ்சிதத்திடம் இருக்கிறது. வாசலில் அவளை நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாயா?”

“கிளாஸ் எடுக்கவா? என்னால ஆகாதுடி. ஒரே எழுத்தை ஒம்பது தடவ சொல்லிக் குடுக்க எனக்குப் பொறுமை ஏது? அதுக்கு நீதான் லாயக்கு.” கொஞ்சம் நிறுத்தினாள். “கதை வேணா சொல்றேன்.”

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, வேறெப்படி எடுத்துக்கொள்வது? இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது ஏற்பாடு இதுதான். முதல் பாதி ரஞ்சிதத்தின் கதை. அதில் வருகிற வார்த்தைகளை வைத்து மறுபாதியில் நான் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். பாய் போதவில்லை, பக்கத்து வீடுகளில் இரவல் வாங்குகிறோம். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

ரஞ்சிதத்தின் நேரம் முடிந்ததும் மணி அடிக்கிற வேலையும் என்னுடையது. கொஞ்சம் முன்னாலேயே அடித்துவிடுகிறேன்.